ஈறில் ரத்தம் வந்தால் பல் துலக்குவதை நிறுத்த வேண்டுமா?

"ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ் குத்திவிட்டது என்று பொருள், சில நாள் துலக்காமல் விடுங்கள், ஆறிவிடும்" என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள இடுக்கு உண்டு. நோயற்ற வாயிலும் நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்கள் அதன் வழியே ஓயாமல் கசிந்து நுண்ணுயிர்களை விழுங்குகின்றன. அங்கே பாக்டீரியாப் படலம் தங்கிவிட்டால் உடல் காவலைக் கூட்டுகிறது: ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ஈறு சிவந்து வீங்குகிறது, இடுக்கின் உட்சவ்வு மெலிந்து புண்ணாகிறது. பிறகு லேசாகப் பட்டாலே ரத்தம்தான். பிரஷ் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

1965இல் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் நீங்கியது.

ஆகவே மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல், தினம் இருமுறை 2 நிமிடம் துலக்குங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நாளுக்கு ஒருமுறை ஃப்ளாஸ் எனும் பல் இழையால் சுத்தம் செய்யுங்கள். பல்லில் படிந்து இறுகிப்போன காரை பிரஷ்ஷுக்கு அசையாது. அதைப் பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

2 வாரம் இப்படிச் செய்தும் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றாலோ, மருத்துவரைப் பாருங்கள். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும், ஏமாந்துவிடக் கூடாது.