கம்பைல் ஆனால் மட்டும் போதுமா?
சி ஷார்ப் (C#) நிரல்மொழியின் 11-ஆம் பதிப்போடு, எண் வகைகளுக்குப் பொதுவான ஐநம்பர் (INumber) இன்டர்ஃபேஸ் வந்துவிட்டதால் இனி எல்லா எண் வகைக்கும் ஒரே ஜெனரிக் கிளாஸ் (எந்த வகை என்பதைப் பயன்படுத்தும்போது நிரப்பிக்கொள்ளும் பொது கிளாஸ்) போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. 2005-இல் ஜெனரிக்ஸ் வந்ததிலிருந்து 2022-இல் சி ஷார்ப் 11-உடன் டாட் நெட் 7 தளம் வரும்வரை, டி (T, அந்த நிரப்பப்படும் வகையின் பெயர்) வகை மதிப்புகள் இரண்டைக் கூட்டக்கூட கம்பைலர் (கோடை ஓட்டுவதற்கு முன் சரிபார்த்து மாற்றும் மென்பொருள்) விட்டதில்லை. அந்தத் தொல்லை தீர்ந்தது உண்மை. ஆனால் கம்பைல் ஆவது வேறு, விடை சரியாக வருவது வேறு. சாதாரண கோடில் 200, 100 என்ற இரண்டு பைட்களை (0 முதல் 255 வரை மட்டும் கொள்ளும் வகை) கூட்டினால் சி ஷார்ப் அவற்றை இன்ட்டாக (பெரிய முழு எண் வகை) மாற்றி 300 தரும். அதே கூட்டலை ஜெனரிக் மெத்தடுக்குள் எழுதினால் விடையும் பைட்தான். 255-ஐத் தாண்டியதும் சுற்றிவந்து 44 என்று நிற்கும். எக்செப்ஷனும் வராது, வார்னிங்கும் வராது. அதனால்தான் எங்கள் டீமில் இப்படிப்பட்ட கிளாஸுக்கு டைப் பாராமீட்டர் இரண்டு வைக்கிறோம்: உள்ளே வரும் மதிப்புக்கு ஒன்று, கூட்டுத்தொகைக்கு இன்னொன்று. மதிப்பை கிரியேட்செக்ட் (CreateChecked) மெத்தட் மூலம் மாற்றி, கூட்டலை செக்ட் (checked) பிளாக்கில் வைக்கிறோம்; வரம்பு மீறினால் இரண்டும் எக்செப்ஷன் தரும். சராசரியிலும் இதே கதை: டி இன்ட்டாக இருந்தால் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3தான் வரும். திட்ட விலக்கம் இன்னும் சிக்கல், வர்க்கமூலத்துக்கான ஐரூட்ஃபங்ஷன்ஸ் இன்டர்ஃபேஸை டெசிமல் (துல்லியமான தசம எண் வகை) செயல்படுத்தவே இல்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் டைனமிக் (வகைச் சோதனையை நிரல் ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போடும் வசதி) போட்டால் எல்லாம் முடிந்தது என்கிறார். தயவுசெய்து வேண்டாம், கம்பைலர் அங்கேயே பிடித்திருக்க வேண்டிய தப்பு அப்புறம் வாடிக்கையாளர் கையில்தான் வெடிக்கும், வேகமும் போகும்.