ரீஜென்சி கதைகளில் கிறிஸ்துமஸ் மரம்
ரீஜென்சி கால இங்கிலாந்துக் காதல் கதைகளில் வரவேற்பறை நடுவே மெழுகுவத்தி ஏற்றிய கிறிஸ்துமஸ் மரம் வருவதை, அக்கதைகளைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் அந்தக் காலத்தின் உண்மையான சித்திரம் என்கிறார், எனக்கு அது சரியாகப் படவில்லை. ரீஜென்சி என்பது மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நோயுற்றதால் அவர் மகன் ஆட்சி நடத்திய காலம், 1811 முதல் 1820 வரை. அந்த மன்னரின் மனைவி, ஜெர்மனியிலிருந்து வந்த சார்லட் ராணி, 1800-இல் வின்ட்சர் அரண்மனைப் பகுதியில் ஒரு மரம் வைத்தது உண்மைதான், ஆனால் அது அரண்மனையோடும் சில பிரபுக்களோடும் நின்ற வழக்கம். பின்னால் வந்த விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் மற்ற வீடுகளில் அது பரவியது. கடையில் விற்ற கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் 1843-க்கு முன் கிடையாது. அந்தக் கட்டுரையின் கீழ் ஒரு வாசகர் ‘கதைதானே, விடுங்கள்’ என்கிறார். விடலாம், ஆனால் அப்போது நிஜமாகவே இருந்த வழக்கங்கள் இதைவிட சுவாரசியமானவை. மிஸில்டோ என்ற செடியின் பழக்கொத்தை வீட்டில் தொங்கவிட்டு, அதன் கீழ் ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு பழத்தைப் பறிக்க வேண்டும். பழம் தீர்ந்தால் முத்தமும் தீர்ந்தது! கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை முடித்துவைக்க ஜனவரி தொடக்கத்தில் வரும் ‘பன்னிரண்டாம் இரவு’ விருந்தில் சீட்டு எடுத்து, யாருக்கு எந்த வேடம் வந்ததோ அதை இரவு முழுக்க நடிப்பார்கள். பேசவே கூச்சப்படும் இருவரை ராஜா ராணியாக உட்கார வைக்க ஓர் எழுத்தாளருக்கு வேறென்ன வேண்டும்? நான் படித்தவற்றில் பாதிக் கதைகள் டிசம்பர் 25-ஓடு முடிந்துவிடுகின்றன, அப்புறம் வரும் இந்தக் கூத்தை யாரும் தொடுவதில்லை.