ஒரு மணிச் சாப்பாடு

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றைத் தாண்டிவிட்டது. நான் பில் போடும் கவுன்ட்டருக்கு எதிரே பட்டுப் பிரிவு. இருபது வருடமாக அங்கே நிற்கும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே புடவை மடிப்பார். அன்று ஒரு புடவையோடு மல்லுக்கு நின்றார். கரையோடு கரை சேரவில்லை. ஏசியிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விலையை மாற்றிச் சொன்னார். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே மேற்பார்வையாளர் கேட்டார்: "குடித்துவிட்டு வந்திருக்கிறீரா?"

காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவரைக் கூட்டத்தைக் காட்டி ஒரு மணிக்குச் சாப்பிட விடவில்லை. நடந்தது அவ்வளவுதான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சர்க்கரை 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும். இன்னும் இறங்கினால் பேச்சும் கணக்கும் தடுமாறும். மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து அதே புடவையை அவரே மடித்து வைத்தார்.

மறுநாள் 'வேலையில் சுணக்கம்' என்று சொல்லி அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே கமிஷன் கிடையாது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. எந்தக் கடையில் சர்க்கரைக்காரர் இல்லை? ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. தெரிந்தால் கிடங்குதான் என்று இப்போது எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும். சிறுநீர் கழிக்க அடிக்கடி போனால் முறைக்கிறார்கள் என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இரவில் நான்கு முறை எழுந்து தூக்கம் கெட்டவர் மதியம் கண் அசந்தால் அதற்கும் சோம்பேறிப் பட்டம். மெத்தையில் வெறுங்காலோடு நிற்கும் வேலை இது. மரத்துப்போன பாதத்தில் புடவைக் குண்டூசி ஏறினால்கூடச் சிலருக்குத் தெரிவதில்லை.

நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். அதற்கு முன்பு, உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கும் இன்று அதே பதிலைத்தான் சொல்கிறார்கள். அரை மணி நேரம் ஆள் மாற்றி நிறுத்த முடியாத கடையா இது? முதலாளிகளே, மாத்திரை போடுகிறவர் யார் என்று பயமுறுத்தாமல் கேளுங்கள். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் முதல் பந்திக்கு அவர்களை அனுப்புங்கள். அந்த அண்ணனை மறுபடியும் பட்டுப் பிரிவில் நிறுத்துங்கள்.