கண்ணாடிக்காக நின்றவன்

இன்று காலை ஒருவன் வண்டியை நிறுத்தினான். வெள்ளைக் கோடுகளின் மேல் ஒரு பெரியவர் நடந்துகொண்டிருந்தபோது நிறுத்தாதவன், அவருடைய துணிப்பையில் இடித்துத் தன் காரின் பக்கக் கண்ணாடி மடங்கிக்கொண்டதும் இருபதடி தள்ளிப் போய் நிறுத்தினான். இறங்கி வந்தான். கண்ணாடியை நிமிர்த்தினான். கீறல் விழுந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “நடு ரோட்டுல எதுக்குய்யா வண்டிய நிறுத்துற?” என்று கத்திவிட்டு ஏறிப் போய்விட்டான். சிதறிக் கிடந்த மாத்திரை அட்டைகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த மனிதரை அவன் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

காலையிலிருந்து இதுவேதான் மண்டைக்குள் ஓடுகிறது. ஒரே திசையில் இரண்டு தடங்கள் உள்ள அகலமான சாலை அது. ஓரத் தடத்தில் நான் உயரமான வேனில் வந்துகொண்டிருந்தேன். கைத்தடியும் பையுமாகப் பெரியவர் ஓரத்தில் நிற்பதைப் பார்த்து, கடக்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் வண்டியை நிறுத்தினேன். பின்னாலிருந்து ஹாரன் சத்தம் உடனே எழுந்தது. முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல். ஜன்னல் வழியே கையை நீட்டிப் பொறு என்று சைகை காட்டினேன். பெரியவர் எனக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, முதலில் தடியை ஊன்றி, பிறகு காலை இறக்கி, என் வேனின் முகப்புக்கு முன்னால் நான்கைந்து அடி நடந்தார். அந்த நான்கைந்து அடிக்கு அவர் என் ஒருவன் கண்ணுக்கு மட்டுமே தெரிந்த மனிதர். வேனுக்குப் பின்னால் இருந்தவன் பார்த்ததெல்லாம் காரணமில்லாமல் நிற்கும் ஒரு வண்டியின் முதுகைத்தான்.

அவன் ஸ்டியரிங்கை ஒடித்துப் பக்கத்துத் தடத்துக்குத் தாவியதைக் கண்ணாடியில் பார்த்தேன். பெரியவரை நிற்கவைக்க என்னிடம் இருந்த ஒரே வழி ஹாரன்தான், அழுத்தினேன். அவரோ நான் அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்து, பாவம், அரை அடி வேகமாக எடுத்துவைத்தார். வேனின் ஓரத்தைத் தாண்டித் தடி வெளியே நீண்டது, பை நீண்டது, கண்ணாடி பையில் மோதியது. இன்னும் ஒரு சாண் முன்னால் போயிருந்தால் மோதியிருப்பது அவருடைய விலா. இறங்கி ஓடி, அவரோடு சேர்ந்து மாத்திரைகளைப் பொறுக்கினேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க நிறுத்தாம போயிருந்தா நானும் அங்கயே நின்னிருப்பேன் தம்பி” என்றார்.

இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரோ அவர்களைத் தேடித்தான் நேராகச் சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், “டிரைவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை சார், அடுத்த வாரம் ஒரு போர்டு வைத்துவிடுகிறோம்” என்றார். போர்டு! மெதுவாகச் செல்லவும் என்ற போர்டு அதே இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் கீழேதான் இத்தனையும் நடந்தது. நேர்கோடாக, தடங்கல் ஏதுமின்றி, நெடுஞ்சாலைக்குரிய அகலத்தில் ஒரு தெருவைப் போட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு தகரத்தில் மெதுவாகப் போ என்று எழுதிவைத்தால், ஓட்டுகிறவன் தகரத்தின் பேச்சையா கேட்பான், சாலையின் பேச்சையா?

ஒரு வண்டி நின்றுகொண்டிருக்க, பக்கத்துத் தடத்தில் வரும் இன்னொரு வண்டி பாதசாரியை அடிப்பது சாலைப் பொறியாளர்கள் நன்றாக அறிந்த, தனிப்பெயர் வைத்துப் பாடமாகவே படிக்கிற ஒரு விபத்து வகை. அதற்கான மருந்தும் அவர்களுக்குத் தெரியும். அமெரிக்கச் சாலைக் குறியீட்டு விதிகளில், பல தடங்கள் உள்ள சாலையில் வண்டிகள் வழிவிட்டு நிற்க வேண்டிய கோட்டை, மக்கள் கடக்கும் இடத்தின் மேலேயே போடாமல், 6 முதல் 15 மீட்டர் முன்பாகவே போடும் ஏற்பாடு இருக்கிறது. நான் அவ்வளவு தள்ளி நின்றிருந்தால் பக்கத்துத் தடத்தில் வருகிறவனுக்குப் பெரியவரும், பெரியவருக்கு அவனும் தெரிந்திருப்பார்கள். இதற்குச் செலவு ஒரு வாளி பெயின்ட். இன்னும் நன்றாகச் செய்ய மனமிருந்தால், கடக்கும் இடத்தில் இரண்டு தடத்தை ஒன்றாகக் குறுக்கலாம், நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு கட்டலாம், கடக்கும் பாதையையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கலாம். அந்த மேட்டின் மேல் எவனும் பாய்ந்துவர மாட்டான், ஏனென்றால் அடிபடப்போவது அவனுடைய வண்டி. தன் கண்ணாடிக்காக நின்றவன் தன் வண்டியின் அடிப்பாகத்துக்காகவும் மெதுவாகத்தான் போவான்.

வேகத்தைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் சலிப்பு வந்துவிடுகிறது. சலித்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற கார், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி ஆனாலும், காய்ந்த சாலையில் ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிற கார் சுதாரிக்கும் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது, முதல் கார் முழுவதுமாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கையே மிதித்திருக்கமாட்டார். இடையில் இருப்பது 20 கிலோமீட்டர் வித்தியாசம்தான். அதில்தான் ஒருவர் வீடு திரும்புவதும் திரும்பாததும் இருக்கிறது.

மனிதர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள், அந்தத் தவறு ஒருவர் உயிரைக் குடிக்காதபடி சாலையை அமைப்பது அமைப்பவர்களின் பொறுப்பு என்று ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இலேயே ஏற்றுக்கொண்டது. அதே வழியில் போன, நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவில் 2019-ஆம் ஆண்டு முழுவதும் சாலையில் இறந்தவர் ஒரே ஒருவர், அவரும் கார் ஓட்டியவர்; நடந்துபோனவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருக்கும் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கி, 2025 ஜூலை வரையிலான 12 மாதங்களை ஒரு சாலை மரணமும் இல்லாமல் கடந்தது. அமெரிக்காவின் ஹோபோக்கன் என்ற சிறு நகரம், தெரு முனைகளில் பார்வையை மறைக்கும்படி வண்டி நிறுத்துவதைத் தடுத்ததையும் ஒரு முக்கிய வேலையாகச் செய்து, 2017-க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் மரணமே இல்லாமல் இருந்தது. அங்கெல்லாம் மக்களே பொறுமைசாலிகள் என்று என்னிடம் சொல்லாதீர்கள். நெதர்லாந்தில் 1971-இல் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் செத்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே இயக்கம் கண்டு, பெற்றோர்கள் தெருவை மறித்த பிறகுதான் அங்கே தெருக்கள் மாறின. பொறுமைசாலிகளாக இருந்திருந்தால் இன்னும் குழந்தைகளைப் புதைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஓட்டுநர் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைப் பயிற்சி என்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வண்டியைத் திருப்பவும் பின்னால் எடுக்கவும் இடுக்கில் நிறுத்தவும் தெரிந்தால் உரிமம் கைக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு வண்டி ஏன் நிற்கிறது என்று யோசிக்க யாரும் சொல்லித்தருவதில்லை. பிரிட்டனில் 2002 முதல் உரிமம் கேட்பவர்களுக்குச் சாலைக் காட்சிகளை ஓட விட்டு, ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே கண்டுபிடிக்கிறார்களா என்று சோதிக்கிறார்கள். கைக்குப் பயிற்சி தந்து புத்தியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நார்வே பட்டுத் தெரிந்துகொண்டது: வழுக்கும் சாலையில் வண்டியைச் சமாளிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது, இளம் ஆண்களிடையே விபத்து குறைவதற்குப் பதிலாகக் கூடியது. தனக்கு எல்லாம் கைவந்துவிட்டது என்று நம்பிவிட்டவனை விட ஆபத்தானவன் சாலையில் கிடையாது. இன்று காலை வந்தவனும் திறமைசாலிதான். அவ்வளவு சிறிய இடைவெளியில் தடம் மாற எனக்கு வராது.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களைக் கொண்டுபோகும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். இத்தனைக்கும் பதிலாக அடுத்த வாரம் எனக்கு இரண்டாவது போர்டு வரப்போகிறது.

நாளைக்கு மனுவாக எழுதிக் கொடுக்கப்போகிறேன்: போர்டு வேண்டாம், அந்தக் கோட்டைப் பத்து மீட்டர் பின்னால் தள்ளுங்கள், பெயின்ட்டை நானே வாங்கித் தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் இன்று மாலை அதே சாலையில்தான் வீடு திரும்ப வேண்டும். அதே நேரத்தில் அங்கே யாராவது பையோடு நிற்பார்கள். நான் நிறுத்துவதா, நிறுத்தாமல் போவதா? நிறுத்தினால் கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.