வீட்லதானே இருக்கீங்க!

மணி ராத்திரி 10.45. அப்பதான் தட்டு முன்னால உக்காந்தேன். போன்ல மேனேஜர்: "வீட்லதானே இருக்கீங்க, சட்டுனு ஒரு லாகின் போட்டுப் பாத்துருங்களேன்."

வீட்லதான் சார் இருக்கேன். 2020 மார்ச்ல கொரோனாவுக்காக வீட்ல இருந்தே வேலைன்னு ஆனப்ப லேப்டாப்பைத் தூக்கிட்டு கோவில்பட்டிக்கு வந்ததுல இருந்து இங்கதான். சுகமே இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும். சென்னையில, ஆபீஸ் இருக்கிற சோழிங்கநல்லூர் வாடகை மிச்சம், அம்மா வைக்கிற குழம்பு, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப பக்கத்துலயே இருக்க முடிஞ்சுது. அத்தனைக்கும் வட்டி போட்டு வசூலிக்கிறானுங்க, அதான் வயித்தெரிச்சல்.

இன்கிரிமென்ட் பேச்செடுத்தா, "வாடகை இல்ல, பெட்ரோல் இல்ல, உங்களுக்கென்ன"ங்கிறாரு. ஏன் சார், எனக்காக அங்க ஓட வேண்டிய ஏசியும் கேபும் ஓடலையே, அந்தக் காசு எங்க போச்சு? இங்க இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்கினது நான். ஒரு நெட் கனெக்‌ஷன் காலை வாருதுன்னு ரெண்டாவது போட்டதும் நான். மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினா, சாயங்காலம் வரைக்கும் என் பேட்டரியிலதான் கம்பெனி ஓடுது!

அப்புறம், ஆபீஸ் சாட்ல ஆள் இருக்கான்னு காட்டுற அந்தப் பச்சைப் புள்ளி. அஞ்சு நிமிஷம் மவுஸ் அசையலன்னா மஞ்சளாயிரும். பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள "ஆர் யூ தேர்?" ஆபீஸ்ல இருந்தப்ப இதே ஆளோட அரை மணி நேரம் டீக்கடையில நின்னு கதையளந்திருக்கேன். அப்ப எந்தப் புள்ளியும் மஞ்சளாகல.

நவம்பர் வந்தா அமெரிக்காக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைப்பான். அவனுக்கு அதே காலைல 10 மணி மீட்டிங்தான். நமக்கு 7.30க்கு இருந்தது 8.30 ஆயிரும். மார்ச் வரைக்கும் என் ராச்சாப்பாட்டு நேரத்தை நியூயார்க் முடிவு பண்ணும்.

வீட்டாளுங்க மட்டும் லேசா? "வீட்லதான இருக்க, பேங்க் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வாய்யா"ன்னு சித்தப்பா. வேலை போயிருச்சான்னு பக்கத்து வீட்டு அத்தை அம்மாகிட்ட ரகசியமா விசாரிச்சிருக்காங்க.

இதெல்லாம் பொறுத்தாச்சு. நேத்து மெயில் வந்திருக்கு: அடுத்த மாசத்துல இருந்து வாரம் மூணு நாள் ஆபீஸ் கட்டாயம். காரணம், டீமுக்குள்ள நெருக்கம் வேணுமாம். என் டீம்ல பாதிப் பேர் நியூயார்க்ல, ரெண்டு பேர் புனேல. சோழிங்கநல்லூர்ல உக்காந்து ஹெட்போனை மாட்டிக்கிட்டு யார்கூட நெருங்கறது? ஹவுஸ் ஓனர் வேற பத்து மாச அட்வான்ஸ் கேக்காரு.