தொண்ணூறு யூரோவும் ஒற்றைத் துடுப்பும்

குளச்சலில் ஒரு வீட்டுத் திண்ணை. சூசை கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். மேரி கையில் போன். இத்தாலியில் பதுவா நகரத்தில் நர்ஸாக இருக்கும் மகள் இருவருக்கும் விமான டிக்கெட் போட்டுவிட்டாள். அந்தோனியார் கோயிலுக்குப் போவதில் இருவருக்கும் ஒரே மனசு. அங்கிருந்து அரை மணி நேர ரயில் தூரத்தில் வெனிஸ் இருக்கிறது. சண்டை அங்கேதான்.

மேரி: இஞ்சாருங்க, வெனிஸில் கொண்டோலா என்கிற துடுப்புப் படகில் அரை மணி நேரம் சுற்ற 90 யூரோவாம். சாயங்காலம் ஏழு மணி தாண்டினால் 110. நாம் பகலிலேயே போய்விடலாம்.

சூசை: 90 யூரோ என்றால் நம்ம காசுக்கு?

மேரி: ஒன்பதாயிரம் ரூபாய் வரும்.

(வலை ஊசி அப்படியே நிற்கிறது.)

சூசை: ஏட்டி, ஒன்பதாயிரத்துக்கு மண்ணெண்ணெய் அடித்தால் எத்தனை நாள் கடலுக்குப் போகலாம் தெரியுமா? அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கவா அவ்வளவு? மீனாவது கிடைக்குமா?

மேரி: அது ஊர் சுற்றுகிற படகு.

சூசை: ஏன், அந்த ஊரில் பஸ் கிடையாதா?

மேரி: பழைய ஊருக்குள் கார் இல்லை, பைக் இல்லை. நூற்றுக்கு மேல் குட்டித் தீவுகள், இடையில் கால்வாய்கள், நானூறுக்கும் மேலே பாலங்கள். ஆம்புலன்ஸே படகுதான். தீயணைப்பு படகு, குப்பை அள்ளப் படகு. செத்தவர்களைக்கூட சான் மிக்கேலே என்ற கல்லறைத் தீவுக்குப் படகில்தான் கொண்டுபோவார்களாம்.

சூசை: அதற்கு எவ்வளவு?

மேரி: அது உங்களுக்கு எதுக்கு?

சூசை: ஒன்பதாயிரம் கொடுத்த பிறகு எனக்கு அடுத்து அந்தப் படகுதானே.

மேரி: சரி, பஸ் மாதிரியும் ஒன்று இருக்கிறது. வப்பரேத்தோ. ஒன்றாம் நம்பர் ஏறினால் பெரிய கால்வாய் நெடுக நின்று நின்று போகும். டிக்கெட் ஒன்பதரை யூரோ, 75 நிமிஷம் செல்லும்.

சூசை: எஞ்சின் படகா?

மேரி: ஆமாம். 1881-ல் முதல் நீராவிப் படகு வந்தபோது கொண்டோலாக்காரர்கள் வேலைநிறுத்தமே செய்தார்களாம்.

சூசை: செய்யாமல்? இங்கே விசைப்படகு வந்தபோது கட்டுமரக்காரன் பட்ட பாடு கொஞ்சமா? அந்தத் துரோகிப் படகில் நான் கால் வைக்க மாட்டேன்.

மேரி: உங்கள் வள்ளத்துக்குப் பின்னால் தொங்குவது என்ன, உலக்கையா?

(சூசையின் வள்ளம் ஃபைபர், பின்னால் எஞ்சின். பேச்சு மட்டும் இன்னும் கட்டுமரத்தில்தான் ஓடுகிறது.)

சூசை: வேறு மலிவாக ஒன்றும் இல்லையா?

மேரி: இருக்கிறது. திராகெத்தோ. பெரிய கால்வாய்க்கு மொத்தமே நாலு பாலம். பாலம் இல்லாத இடத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு விடுவார்கள். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் துழாவுவார்கள். வெளியூர்க்காரருக்கு இரண்டு யூரோ. உள்ளூர்க்காரர்கள் உட்காருவதே இல்லையாம், நின்றபடியே போவார்களாம்.

சூசை: அப்படிச் சொல்லு! படகில் நிற்பதுதான் கடல்காரனுக்குக் கௌரவம். உட்கார்ந்து போவது மீன் கூடை.

மேரி: அக்கரைக்குப் போக இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அதற்கா விமானம் ஏறுகிறேன்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது என்னை உங்கள் வள்ளத்தில் ஏற்றியிருக்கிறீர்களா?

சூசை: தொழில் செய்கிற வள்ளத்தில் பொம்பளையை ஏற்றுவார்களா?

மேரி: மீன் விற்கப் பொம்பளை வேண்டும், வள்ளக் கடன் அடைக்கப் பொம்பளை வேண்டும், ஏற மட்டும் கூடாது. அங்கே 2010-லேயே ஜார்ஜியா போஸ்கோலோ என்று ஒருத்தி லைசென்ஸ் வாங்கிக் கொண்டோலா ஓட்ட வந்துவிட்டாள்.

சூசை: சரி, கோபப்படாதே. படகு சவாரிதானே? இத்தாலி எதுக்கு, நம்ம ஏ.வி.எம். கால்வாயிலேயே கூட்டிப்போகிறேன். மகாராஜா காலத்தில், 1860-ல் வெட்டியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் திட்டம்.

மேரி: மண்டைக்காட்டோடு நின்ற திட்டம். அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று சாமி, ராணி, ராஜா மூன்று பேர் பெயரும் அதில் இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை. ஆகாயத்தாமரை மேலே வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பீர்களா?

(சூசைக்குப் பதில் இல்லை. மேரி போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள்.)

சூசை: இதென்ன, பின்னால் நின்று வலது பக்கமே துழாவுகிறான். ஒற்றைத் துடுப்பு. ஒரே பக்கம் துழாவினால் படகு வட்டமடிக்குமே!

மேரி: நன்றாகப் பாருங்கள்.

சூசை: நேராகப் போகிறதே! எப்படி?

மேரி: இடது பாதி வலது பாதியைவிட 24 சென்டிமீட்டர் அகலமாம். வேண்டுமென்றே கோணலாகக் கட்டுகிறார்கள். துடுப்பு இடது பக்கம் தள்ளும், கோணல் அதை வலது பக்கம் இழுத்துச் சரிக்கட்டும்.

சூசை: எந்த ஆசாரி கட்டினான்? கையைக் கொண்டு வா, கும்பிடுகிறேன். நீளம்?

மேரி: பதினோரு மீட்டர். எட்டு வகை மரம், 280 துண்டு.

சூசை: கொஞ்சம் நிறுத்து. துடுப்பு எதில் சாய்ந்திருக்கிறது? பெரிதாக்கு. மடக்கிய முழங்கை மாதிரி ஒரு கட்டை.

மேரி: ஃபோர்கோலா. வால்நட் மரத்தில் செதுக்குவார்களாம்.

சூசை: அதைப் பார், இந்த வளைவில் வைத்தால் முன்னால் போகிறது. கீழே இறக்குகிறான், நிற்கிறது. அந்தப் பக்கம் மாற்றினான், பின்னால் வருகிறது. ஏட்டி, இது கியர் பாக்ஸ்! மரத்தில் கியர் பாக்ஸ்! சுக்கான்கூட இல்லாமல் திருப்புகிறானே பாவி!

(வலை திண்ணையிலிருந்து வழுக்கித் தரையில் விழுகிறது. இந்த வலையைத் தொட்டதற்குப் பேரனுக்கு ஒருமுறை அடி விழுந்திருக்கிறது.)

சூசை: போடு, ஒன்பதாயிரம் போனால் போகிறது. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தக் கட்டையை நான் பார்த்தாக வேண்டும். ஒரு தடவை துடுப்பைத் தருவானா, கேட்டுப் பார்.

மேரி: மகளுக்கு மெசேஜ் போடட்டுமா? அப்புறம் மாற்றிப் பேசக் கூடாது.

சூசை: சூசை பேச்சு மாற மாட்டான். போடு.

மேரி: போட்டாச்சு.

சூசை: அந்தப் படகில் எத்தனை பேர் ஏற்றுவான்?

மேரி: அஞ்சு பேர். அதற்கு மேல் ஒரு ஆள் கூடாது.

சூசை: தாராளம்.

மேரி: மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இரண்டு, நான். அஞ்சு.

சூசை: அப்போ நான்?

மேரி: உங்களுக்கு அந்த இரண்டு யூரோ படகு. கௌரவமாக நின்றுகொண்டே போகலாம்.