முட்டைக் கணக்கு மட்டும் பார்த்தால் போதுமா?

வீட்டில் வளர்க்க எந்தக் கோழி நல்லது என்று பேசும் ஒரு கட்டுரை படித்தேன்; அதிக முட்டை இடும் லெகார்ன் இனக் கோழிதான் வீட்டு வளர்ப்புக்கு முதல் தேர்வு என்று அது முடித்துவிட்டது. நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 280 முட்டை இடும், மறுக்கவில்லை. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். தீவனத் தட்டோடு கதவைத் திறந்தாலே படபடவென்று இறக்கையை அடித்துக்கொண்டு கிளம்பிவிடும். நான்கடி வேலியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பொழுது சாய்ந்ததும் மரக்கிளையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்புறம் அடைகாக்கும் குணம். லெகார்ன் பெரும்பாலும் அடையில் உட்காராது. குஞ்சு வேண்டுமென்றால் கூட ஒரு சில்க்கி கோழி வைத்துக்கொள்ளுங்கள். முட்டை இடுவதில் சுமார்தான், ஆனால் எந்த இனத்துக் கோழிமுட்டையை வைத்தாலும் 21 நாள் பொறுமையாக அடைகாக்கும். என்னிடம் இருந்தது ஒருமுறை வெறும் பந்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டினால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது! ஒரே குறை, அதன் பஞ்சு இறகு மழைக்குத் தாங்காது, சட்டென்று ஊறிவிடும்.

இப்போது வைத்திருப்பது ஆஸ்ட்ரலார்ப். 1922-23இல் ஆறு கோழிகள் 365 நாளில் 1,857 முட்டை இட்டுப் பேர் வாங்கிய இனம். சாது, கனத்த உடம்பு, அதனால் வேலி தாண்டாது. உட்காரும் கழியை மட்டும் தாழ்வாகக் கட்டுங்கள், உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் அடிபடும்.

சேவல் வேண்டாம் என்பவர்கள் ஆணா பெண்ணா என்று தெரியாத குஞ்சாக வாங்காமல், விடைக்கோழியாகவே (இன்னும் முட்டை இட ஆரம்பிக்காத இளம் பெட்டை) வாங்கிவிடுங்கள்.